மரப்பு ஊசிக்குப் பின் படபடப்பு: ‘லிக்னோகெயின் அலர்ஜி’ என்று எழுதிவிடலாமா?

கேள்வி (பல் மருத்துவர், திண்டுக்கல் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சிற்றூரில் நான்கு ஆண்டுகளாகத் தனியாகப் பல் மருத்துவமனை நடத்தி வருகிறேன். ஒரு நாற்காலி, ஓர் உதவியாளர், ஓர் ஆக்சிஜன் சிலிண்டர், இவ்வளவுதான் என் இடம். மூன்று வாரங்களுக்கு முன் நடந்த ஒன்றைப் பற்றி மூத்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

நோயாளி 46 வயது ஆண். எடை 58 கிலோ. சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இல்லை என்றார். கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லை எடுக்க வேண்டியிருந்தது. பல் பிடுங்கும் முன் சாப்பிடக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, முந்தைய இரவு உண்டதோடு காலை பத்தரை மணிக்கு வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். 30 மி.லி. குப்பியிலிருந்து, 1:80,000 அட்ரினலின் (இரத்த நாளத்தைச் சுருக்கும் மருந்து) சேர்ந்த 2 சதவீத லிக்னோகெயின் என்னும் மரப்பு மருந்தை 2 மி.லி. எடுத்துக் கீழ்த்தாடை நரம்புக்கு பிளாக் (நரம்பை மரக்க வைக்கும் ஊசி) கொடுத்தேன். ஊசி எலும்பைத் தொட்டதும், முனை இரத்த நாளத்துக்குள் இல்லை என்று உறுதி செய்ய, சிரிஞ்சின் தண்டை ஒருமுறை பின்னிழுத்துப் பார்த்தேன், இரத்தம் வரவில்லை. பிறகு ஊசிமுனையைச் சற்று நகர்த்தினேன். நகர்த்திய பின் மறுபடி இழுத்துப் பார்த்தேனா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை.

ஊசியை வெளியே எடுத்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, “நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர்” என்றார். கைகள் நடுங்கின, முகம் வெளிறி வியர்த்தது, தலை விண்விண்ணென்று தெறிப்பதாகச் சொன்னார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் நாடித்துடிப்பு 132 என்றும் ஆக்சிஜன் அளவு 98 என்றும் காட்டியது. இரத்த அழுத்தம் 176/100 இருந்தது. உடம்பில் தடிப்போ அரிப்போ இல்லை, மூச்சு இரைக்கவில்லை, பேச்சும் தெளிவாகவே இருந்தது. இருந்தும் நான் பதற்றத்தில் ஒவ்வாமை என்றே எண்ணி, ஏவில் (ஒவ்வாமை அரிப்புக்கான மருந்து) ஒன்றும் டெக்ஸா (ஸ்டீராய்டு) ஒன்றும் தசையில் ஊசியாகப் போட்டேன். பத்து நிமிடத்தில் நாடி 90க்கு இறங்கிவிட்டது. உறவினர்கள் பயந்துபோய் அவரை அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே இரண்டு மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, சீட்டில் “லிக்னோகெயின் அலர்ஜி” என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சீட்டைப் பார்த்த வேறு இரண்டு பல் மருத்துவர்கள் அவரைத் தொடவே மறுத்துவிட்டனர். பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது. இப்போது சீழும் கட்டியிருக்கிறது. இது ஒவ்வாமையா, மருந்தின் நச்சு விளைவா, வெறும் பயமா? அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது என்ன? அந்தச் சிவப்பு மை எழுத்தை இப்போது என்ன செய்வது?

பதில் 1 (வாய், முகத்தாடை அறுவை மருத்துவர், மதுரை)

டாக்டர், நேரத்தையும் எண்களையும் நீங்கள் குறித்து வைத்திருப்பதால்தான் இதற்குப் பதில் சொல்ல முடிகிறது. இத்தகைய கேள்விகள் பெரும்பாலும் “ஊசி போட்டேன், ஆளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது” என்ற அளவில்தான் வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்ல முடியாது.

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. ஒவ்வாமை அதிர்ச்சியில் இரத்த நாளங்கள் விரிந்து அழுத்தம் சரியும்; உங்கள் நோயாளிக்கோ அது ஏறியிருக்கிறது. கூடவே தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், இரைப்பு, குரல் கம்முதல் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் தலைகாட்டியிருக்கும். பயத்தால் வரும் சாதாரண மயக்கத்தில் நாடி மெதுவாகிவிடும். ஐம்பதுக்கும் கீழே போவதைப் பார்த்திருக்கிறேன். வெளிறலும் வியர்வையும் மயக்கத்திலும் உண்டு, அட்ரினலின் வேகத்திலும் உண்டு என்பதால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். கையை மணிக்கட்டில் வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். 132 என்ற நாடியும், 176 என்ற அழுத்தமும், தெறிக்கும் தலைவலியும், ஊசி எடுத்த ஒரு நிமிடத்துக்குள் தொடக்கமும், பத்து நிமிடத்துக்குள் முடிவும் சேர்ந்து ஒன்றைத்தான் காட்டுகின்றன: குப்பியிலிருந்த அட்ரினலினில் ஒரு பங்கு நேராக இரத்த நாளத்துக்குள் போயிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1:80,000 என்றால் ஒரு மி.லி.யில் 12.5 மைக்ரோகிராம், நீங்கள் கொடுத்த 2 மி.லி.யில் 25 மைக்ரோகிராம். திசுவில் தங்கி மெல்ல உறிஞ்சப்பட்டால் இது ஒன்றும் செய்யாது. இதய நோயாளிக்கே ஒரு முறைக்கு 40 மைக்ரோகிராம் வரை பொதுவாக ஏற்கப்படுகிறது. அதே 25 மைக்ரோகிராமில் பாதி சிரைக்குள் ஒரே வீச்சில் போனாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். லிக்னோகெயினைப் பொறுத்தவரை 2 மி.லி. என்பது 40 மி.கி.; எச்சரிக்கையான அளவான கிலோவுக்கு 4.4 மி.கி. என்று வைத்தாலே 58 கிலோ மனிதருக்கு 255 மி.கி. வரை இடமுண்டு. ஆகவே அளவு மீறவில்லை.

கீழ்த்தாடை நரம்பு போகும் இடத்திலேயே அதன் தமனியும் சிரையும் ஒட்டிக்கொண்டு போகின்றன. இந்த பிளாக்கில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து முறை பின்னிழுக்கையில் இரத்தம் வரும் என்பது பாடநூல்களில் உள்ள கணக்கு. ஊசிமுனை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது புதிய இடம்தான். முதல் முறை இழுத்துப் பார்த்தது அதற்குச் செல்லாது. முனையின் வெட்டுவாய் நாளத்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருந்தும் இரத்தம் வராது. சிரிஞ்சைச் சற்றுத் திருப்பி இரண்டாம் முறையும் இழுப்பது அதற்காகத்தான். நம் ஊரில் பெரும்பாலோர் கையாளும் பிளாஸ்டிக் சிரிஞ்சில் தண்டு இறுக்கமாக இருக்கும், ஒரே கையால் இழுக்கப் போனால் முனை ஆடும். இழுக்காமல் விடுபவர்கள் சோம்பலால் விடுவதில்லை. முனை ஆடிவிடும் என்ற அச்சத்தால்தான் விடுகிறார்கள். குப்பியில் மருந்து எடுக்கும்போதே தண்டை மேலும் கீழுமாக இரண்டு முறை ஓட்டித் தளர்த்திக்கொண்டால் அந்தச் சிரமம் பாதியாகக் குறையும். பிறகு மி.லி.க்கு ஒரு நிமிடம் என்ற வேகத்தில் செலுத்துங்கள். மெதுவாகச் செலுத்தியிருந்தால் உங்கள் நோயாளி அரை மி.லி.யிலேயே கையைத் தூக்கியிருப்பார்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. முதுகுப் பகுதியை நிமிர்த்தி அவரைச் சாய்வாக உட்கார வைக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்தால் தலைத் தெறிப்பு கூடும். “மருந்தின் வேகம் இது, சில நிமிடங்களில் அடங்கிவிடும்” என்று தெளிவான குரலில் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் கொடுக்கலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தமும் நாடியும் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். அட்ரினலின் உடலில் சில நிமிடங்களில் தானாகவே அழிந்துவிடும். நெஞ்சுவலி இருந்தாலோ, எண்கள் இறங்காவிட்டாலோ 108.

ஏவிலும் டெக்ஸாவும் நம் தொழிலின் அனிச்சைச் செயலாகிவிட்டன. டெக்ஸா வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். ஏவில் அரிப்பைத் தணிக்கும், மூச்சுக்குழலைத் திறக்காது. உண்மையான ஒவ்வாமை அதிர்ச்சி என்றால் முதல் மருந்து 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடை மேலேயே போட்டாலும் சரி. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் அதே அளவு. உங்கள் நோயாளிக்கு நீங்கள் நம்பிய நோய்க்குரிய சரியான மருந்தையே கொடுத்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அட்ரினலினால் துடிக்கும் நெஞ்சுக்கு இன்னும் 500 மைக்ரோகிராம் போயிருக்கும். பெயரைச் சரியாகச் சொல்வது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஒன்றே ஒன்றை அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்: ஒற்றைத் தலைவலிக்கோ கை நடுக்கத்துக்கோ ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறாரா? அந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அட்ரினலின் அழுத்தத்தைச் செங்குத்தாக ஏற்றி, நாடியை மாறாக இறக்கிவிடும். 132 என்ற நாடி அதற்குப் பொருந்தவில்லை. ஆனாலும் அடுத்த ஊசிக்கு முன் அது தெரிந்திருக்க வேண்டும்.

பதில் 2 (மயக்கவியல் மருத்துவர், திருச்சி)

அறுவை மருத்துவர் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். மருந்தின் நச்சு விளைவு என்று நீங்கள் ஐயப்பட்டதால், அது எப்படி வரும் என்பதை மட்டும் சேர்க்கிறேன். என்றைக்காவது ஒரு நாள் அது வந்தால் உங்களிடம் இருப்பது ஒரு சிலிண்டரும் ஓர் உதவியாளரும்தான்.

நச்சு முதலில் மூளையைத் தொடும். காதில் இரைச்சல், நாவில் உலோகச் சுவை, தலை கிறுகிறுப்பு, காரணமில்லாமல் வளவளவென்று பேசுதல், பிறகு நாக் குழறல், முகத்தசை துள்ளல், வலிப்பு, கடைசியில் மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் என்று அது ஏறும். சிலருக்கு இடைப்படிகள் எதுவும் இல்லாமல் நேரே வலிப்பே வரும். வாயைச் சுற்றி மரத்துப்போவதை நாங்கள் அறுவை அரங்கில் முதல் அறிகுறியாக எண்ணுவோம். பல் மருத்துவரான உங்களுக்கு அது உதவாது, நீங்கள்தான் வாயை மரக்க வைத்திருக்கிறீர்கள். அதனால் பேச்சைக் கவனியுங்கள். ஊசி போட்ட பின் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு அடுத்த ஆளின் எக்ஸ்ரே பார்க்கப் போகாதீர்கள். இரத்த நாளத்துக்குள் போனால் ஒரு நிமிடத்துக்குள் தெரியும். அளவு மீறித் திசுவிலிருந்து உறிஞ்சப்பட்டால் ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி வரை ஆகலாம்.

இதய லயம் கெட்டவர்களுக்கு லிக்னோகெயினை நாங்களே கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. வரை சிரையில் போட்டதுண்டு. அந்தக் கணக்கில் உங்கள் 40 மி.கி. முழுவதும் சிரைக்குள் போயிருந்தாலும் வலிப்பு வந்திருக்க வாய்ப்புக் குறைவு. தமனிக்குள் அழுத்தித் தள்ளினால் கதை வேறு. மருந்து எதிர்த்திசையில் ஏறி மூளைக்குப் போகும் தமனியை எட்டினால், மிகச் சிறிய அளவே உடனடி வலிப்பைத் தரும். மெதுவாகச் செலுத்துங்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

வலிப்பு வந்துவிட்டால் வாயிலுள்ள கருவிகளையும் பஞ்சையும் எடுத்துவிட்டு, நாற்காலியைத் தட்டையாக்கி, ஒருக்களித்துத் திருப்பி, முழு வேகத்தில் ஆக்சிஜன் கொடுங்கள். மூச்சு போதாவிட்டால் ‘ஆம்பு’ பையால் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) ஊதுங்கள். ஆக்சிஜன் குறைவும் இரத்தத்தில் அமிலம் கூடுவதும் இந்த நச்சைப் பன்மடங்காக்கும். ஆகவே முதல் மருந்து காற்றுதான். வலிப்பு நீடித்தால் மிடசோலாம் 10 மி.கி.யைக் கன்னத்தின் உட்புறத்தில் விடலாம். நாடி நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். உதவியாளர் 108-ஐ அழைக்கட்டும்.

மாற்று மருந்தாக 20 சதவீதக் கொழுப்புப் பால்மம் இருக்கிறது. 1998இல் எலிகளில் வெய்ன்பெர்க் குழுவினர் கண்டது இது. 2006இல்தான் முதன்முதலாக, தோள்பட்டை பிளாக்குக்குப் பின் இதயம் நின்றுபோன ஒரு நோயாளியை இதனால் மீட்ட செய்தி அச்சில் வந்தது. கிலோவுக்கு 1.5 மி.லி. முதலில், 58 கிலோவுக்கு 87 மி.லி. பின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. வீதம் தொடர வேண்டும்; மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.யைத் தாண்டக் கூடாது. இதை நீங்கள் வாங்கி வைக்கத் தேவையில்லை. உங்கள் ஊருக்கு அருகில் எந்த மருத்துவமனையின் அறுவை அரங்கில் இது இருக்கிறது என்பதை இன்றைக்கே தொலைபேசியில் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இந்த நச்சால் நின்ற இதயத்துக்கு அட்ரினலினை வழக்கமான 1 மி.கி. அளவில் கொடுக்காமல் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குள் நிறுத்துவார்கள். எனவே ஆம்புலன்சில் வருபவரிடம் “மரப்பு ஊசிக்குப் பின் நடந்தது இது, இந்த மருந்து, இவ்வளவு மி.லி.” என்று சொல்லத் தவறாதீர்கள்.

இன்னொன்று. இப்போது சீழ் கட்டியிருக்கிறது என்கிறீர்கள். சீழ் பிடித்த திசுவில் அமிலத்தன்மை கூடுதல். லிக்னோகெயின் அங்கே சரியாக வேலை செய்யாது. மரக்கவில்லை என்று இன்னொரு சிரிஞ்சு, இன்னொரு சிரிஞ்சு என்று போட்டுக்கொண்டே போவதுதான் அளவு மீறும் வழக்கமான பாதை. முதலில் சீழை அடக்குங்கள்.

பதில் 3 (பல் மருத்துவர், சேலம்)

மேலே உள்ளவை எல்லாம் சரி. இருந்தாலும் நான் இருபது ஆண்டுகளாக எல்லோருக்கும் முன்கையில் 0.1 மி.லி. டெஸ்ட் டோஸ் போட்டுப் பதினைந்து நிமிடம் பார்த்த பிறகே பிளாக் கொடுக்கிறேன். இதுவரை ஒருவருக்கும் பிரச்சினை வந்ததில்லை. நீங்களும் அப்படிச் செய்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது அல்லவா?

பதில் 4 (வாய், முகத்தாடை அறுவை மருத்துவர், மதுரை)

சேலம் டாக்டருக்கு மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. இந்த நோயாளிக்கு டெஸ்ட் டோஸ் போட்டிருந்தால் கையில் ஒன்றும் தெரிந்திருக்காது. பிளாக்கில் ஊசி நாளத்துக்குள் போனதும் அதே படபடப்பு வந்திருக்கும். முன்கைத் தோலில் செய்யும் சோதனை, தாடைக்குள் ஊசிமுனை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது.

உங்களுக்கு இருபது ஆண்டுகளாக ஒன்றும் வராததற்குக் காரணம் லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது என்பதுதான். 1948இல் லிக்னோகெயின் விற்பனைக்கு வரும் முன் பல் மருத்துவத்தில் ஆட்சி செய்த புரோகெயின் வேறு வேதிக்குடும்பம். அது உடைந்து உருவாகும் ஒரு பொருள் பலருக்கு ஒவ்வாமை தந்தது. அந்தக் காலத்துப் பயமும், பென்சிலினுக்குத் தோலில் சோதிக்கும் பழக்கமும் சேர்ந்து லிக்னோகெயின் மேல் ஏறிக்கொண்டன என்பது என் எண்ணம். குப்பியில் ஐயத்துக்குரியவை வேறு இரண்டு: பல முறை எடுக்கும் குப்பிகளில் கெடாமல் காக்கச் சேர்க்கும் மெத்தில்பாராபென், அட்ரினலினைக் காக்கச் சேர்க்கும் மெட்டாபைசல்பைட். பின்னது சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சிரைப்பைத் தரலாம். சல்ஃபா மாத்திரை ஒவ்வாது என்பவருக்கு இதனோடு தொடர்பில்லை. பெயர் ஒலிப்பில்தான் ஒற்றுமை.

சிவப்பு மையைப் பற்றி: அதை நீங்களோ நானோ அடிக்க முடியாது. நடந்ததை மணி, அளவு, நாடி, அழுத்தம், தோலின் நிலை எல்லாவற்றோடும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் ஒவ்வாமைப் பிரிவுக்கு அனுப்புங்கள். காப்புப்பொருளும் அட்ரினலினும் இல்லாத லிக்னோகெயினைக் கொண்டு முதலில் தோலில் குத்திப் பார்த்து, பிறகு நீர்த்த மருந்தைத் தோலுக்குள் வைத்து, கடைசியில் தோலடியில் படிப்படியாக அளவை ஏற்றிப் பார்ப்பார்கள். சேலம் டாக்டர் செய்வதற்கும் இதற்கும் உள்ள தொலைவு இதுதான். அவர்கள் எழுதித் தரும் தாள் சிவப்பு மையின் மேல் நிற்கும்.

பதில் 5 (குழந்தைப் பல் மருத்துவர், கோயம்புத்தூர்)

பெரியவர்களில் 40 மி.கி. ஒரு பொருட்டில்லை. எங்கள் பக்கம் வந்தால் கணக்கு வேறு என்பதால் ஒரு குறிப்பு. 14 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 4.4 மி.கி. என்றால் மொத்தம் 61 மி.கி., அதாவது 3 மி.லி.தான். இருபுறமும் ஒன்றரை ஒன்றரை மி.லி. பிளாக் கொடுத்தாலே எல்லை வந்துவிட்டது. ஊசி வலிக்கக் கூடாது என்று 10 சதவீத ஸ்பிரேயை நான்கு முறை அடித்திருந்தால் அதிலேயே 40 மி.கி. போயிருக்கும், அதை யாரும் எழுதி வைப்பதில்லை. நான் குழந்தையை எடை பார்க்கும் இயந்திரத்தில் நிறுத்தி, அதிகபட்ச மி.லி.யை அட்டையின் தலைப்பில் எழுதிய பிறகுதான் குப்பியையே கையில் எடுக்கிறேன். தாய் சொல்லும் எடையை நம்புவதில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நோயாளியை நேற்று வரவழைத்துப் பேசினேன். ப்ரோப்ரனலால் எதுவும் சாப்பிடவில்லை. சீழை வடித்து ஆன்டிபயாட்டிக் தொடங்கியிருக்கிறேன். கடிதத்தை நீங்கள் சொன்னபடி எழுதிவிட்டேன். நாடி 132, அழுத்தம் 176/100, தடிப்பு இல்லை, இரைப்பு இல்லை, பத்து நிமிடத்தில் நாடி 90. ஊசிமுனையை நகர்த்திய பின் பின்னிழுத்தது உறுதியில்லை என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன். அந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஒவ்வாமைப் பிரிவில் அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே சரி என்றால் காலை உணவுக்குப் பின் வரச் சொல்லி, சாய்வாக அமர வைத்து, அட்ரினலின் 1:200,000 மட்டுமே உள்ள மருந்தைக் கொண்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்துச் செய்வதாக இருக்கிறேன்.

கடிதத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னபோது அவருடைய மனைவி கேட்ட முதல் கேள்வி, “அப்போ அன்னைக்குப் போட்ட அந்த ரெண்டு ஊசியும் தேவையே இல்லையாம்மா?” என்பதுதான். தேவையில்லை என்று சொன்னேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.